வெள்ளிப்பூண் போட்ட பழைய போவி கத்தி: ராஞ்ச் கதைய நம்பலாமா?

சான்அன்டோனியோவாசி:
போன சனிக்கிழமை டெக்சாஸ்ல சான் அன்டோனியோவுக்கு வெளிய ஒரு பழைய ராஞ்ச் (மாட்டுப் பண்ணை) வீட்ல எஸ்டேட் சேல் (வீட்டு சாமான மொத்தமா விக்குறது), சும்மா வேடிக்கை பாக்கப் போனவன் ஒரு போவி கத்திய வாங்கிட்டு வந்துட்டேன் (இடுப்புல கட்டுற பெரிய சண்டைக் கத்தி, இங்க ஆளுங்க பூயின்னு தான் சொல்றாங்க). அலகு ஒரு சாண் தாண்டும், பிடிகிட்ட கிரீடம், ரெண்டு பக்கமும் வி, ஆர்னு எழுத்து, கீழ ஷெஃபீல்டு (கத்திக்குப் பேர்போன இங்லாந்து ஊர்). பிடி தந்தமா எலும்பான்னு தெரியல, மேலயும் கீழயும் வெள்ளிப்பூண். தோல் உறையில மாட்டுக்கு சூடு போடுற குறி மாதிரி ஒண்ணு கீறியிருக்கு. எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் மாடு ஓட்டும்போது இடுப்புல கட்டினதுன்னு வித்தவர் சொன்னார். நெஜமா இருக்குமா? அம்மா வேற ஊர்ல இருந்து வந்திருக்காங்க, பூண் கறுத்துக் கெடக்கேன்னு விபூதி போட்டு தேய்க்கக் கெளம்பிட்டாங்க.

பழசுபொறுக்கி:
மொதல்ல அம்மா கையில இருந்து அத வாங்குங்க!! அந்தக் கறுப்பு போச்சுன்னா பாதி விலை போச்சு. அப்புறம் ஷெஃபீல்டு போவியில பாதிக்கு மேல பூண் ஜெர்மன் சில்வர் தாங்க, செம்பு, நிக்கல், துத்தநாகம், வெள்ளி ஒரு குந்துமணி கூட கெடையாது, நம்ம ஊர் பூஜை சாமான் கடையில விக்குற அதே சமாச்சாரம். அசல் வெள்ளின்னா நடக்குற சிங்கம் முத்திரை இருக்கணும், ஷெஃபீல்டுல முத்திரை போட்டதுன்னா கூடவே ஒரு கிரீடமும். அலகுல இருக்குற கிரீடத்த இதோட கொழப்பிக்காதீங்க, அது வி, ஆரோட சேர்ந்து விக்டோரியா ராணிய குறிக்குறது, 1837க்கு அப்புறம்னு மட்டும் தான் சொல்லும். பிடி முனையில குறுக்குமறுக்கா வலை மாதிரி கோடு தெரிஞ்சா தந்தம், சின்னச் சின்ன கறுப்புப் புள்ளின்னா எலும்பு.

கவ்பாய்கண்ணன்:
ஷெஃபீல்டுக்குக் கீழ இங்லாந்துன்னு இருக்கா? 1890 மெக்கின்லி டாரிஃப் (இறக்குமதி வரி) சட்டத்துக்கு அப்புறம் அமெரிக்காவுக்கு வர்ற சரக்குல நாட்டுப் பேர் போட்டே ஆகணும். இல்லேன்னா அதுக்கு முந்தினதா இருக்க வாய்ப்பு உண்டு, ஆனா போலி அடிக்கிறவனுக்கும் இது தெரியும்ல.

மாடு ஓட்டின கதை எனக்கு கொஞ்சம் இடிக்குது. இந்தக் கத்திக்குப் பேர் வரக் காரணமான ஜிம் போவி 1827ல மிசிசிப்பி ஆத்து மணல்திட்டுல போட்ட சண்டைக்கு அப்புறம் தான் இந்தக் கத்திக்கு மவுசு, 1836ல அவரு உங்க ஊர் அலமோ கோட்டையிலயே செத்தாரு, மவுசு மட்டும் அமெரிக்க உள்நாட்டுப் போர் வரைக்கும் ஓடுச்சு. போருக்கு அப்புறம் கால்நடைய வடக்க ஓட்டின காலத்துல எல்லாருக்கும் ரிவால்வர் வந்துடுச்சு, இவ்ளோ பெரிய கத்திய எவன் தூக்கிட்டு அலைவான். வீட்ல இருந்த பழைய கத்தின்னா ஒத்துக்கலாம். ஒண்ணு பண்ணுங்க, டெக்சாஸ்ல மாட்டுக் குறிய கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கிளார்க் ஆபீஸ்ல பதிவாங்க, பழைய புத்தகத்துல குறிய வரைஞ்சே வெச்சிருப்பாங்க. உறையில இருக்குறது அந்தக் குடும்பத்தோடதா பாருங்க. அது ஒத்துப்போனா கூட உறை அவங்களதுன்னு தான் அர்த்தம், கத்தி அதுல ஆடாம உக்காருதா?

சான்அன்டோனியோவாசி:
லென்ஸ் வெச்சு பாத்துட்டேன். சிங்கம் இல்ல, தேஞ்ச எடத்துல லேசா மஞ்சளடிக்குது, ஜெர்மன் சில்வர் தான் போல. இங்லாந்துன்னும் இல்ல. பிடியில கறுப்புப் புள்ளி, எலும்பு. உறையில மட்டும் கச்சிதமா உக்காருது, கார்டு (பிடிக்கும் அலகுக்கும் நடுவுல இருக்குற குறுக்குத் தகடு) படுற எடத்துல தோல் பள்ளமாவே ஆயிருக்கு. திங்கக்கிழமை லீவு போட்டுட்டு கவுன்ட்டி ஆபீஸ் போறேன். விபூதி ஒரு பக்கம் ஏற்கனவே பட்டுடுச்சு, அத பத்தி யாரும் கேக்காதீங்க.