412 சதுர மீட்டர் இருந்தும் இரண்டு செமி-டி வராதாம். ஏன்? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மூத்தவள்:
வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் எங்கள் தரைவீடு. 1970களில் அப்பா வாங்கிய பழைய பங்களோ. அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது, டைட்டில் (நில உரிமைப் பத்திரம்) இப்போது அம்மா பெயரில் இருக்கிறது. வீட்டை இடித்து, நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒட்டினாற்போல் இரண்டு செமி-டி (நடுவில் ஒரே பொதுச் சுவர் உள்ள இரட்டை வீடு) கட்டலாம் என்று நானும் தம்பியும் பேசி வைத்திருந்தோம். அம்மா யார் வீட்டில் இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளை இருக்கும். அதுதான் எங்கள் ஆசை.

டைட்டிலில் 412.5 சதுர மீட்டர். முகப்பு 16.5 மீட்டர், ஆழம் 25. அப்பா 4,440 சதுர அடி என்பார், அதுவும் ஒத்துப்போகிறது. செமி-டிக்கு மனை ஒன்றுக்கு 200 சதுர மீட்டரும் 8 மீட்டர் முகப்பும் வேண்டும் என்று படித்தேன். பாதியாக்கினால் 206.25, முகப்பு 8.25. இரண்டும் தாண்டுகிறது. ஆனால் நாங்கள் பார்த்த ஆர்க்கிடெக்ட், "ரோட் லைன் அடிக்குது, 200 வராது" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் விளக்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்தச் சாலை ஒரு அடிகூட நகர்ந்ததில்லை. கேட்டுக்கு உள்ளே சாலை எப்படி வரும்?

இன்னொன்று. பக்கத்து வீட்டு வேலி எங்கள் நிலத்துக்குள் ஒரு சாண் வந்திருக்கிறது என்கிறான் தம்பி. அதைத் திரும்ப வாங்கினால் குறை நிரம்புமா?

அளவுச்சங்கிலி:
அக்கா, நான் சர்வே வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். உங்கள் ஆர்க்கிடெக்ட் சொன்னது சரியாகத்தான் இருக்கும், இன்னும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

சாலை நகரவில்லை. ஆனால் வருங்காலத்தில் சாலைக்குத் தேவைப்படும் இடத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் வரைபடத்தில் ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருக்கிறது. அதற்கு ரோட் லைன் பிளான் என்று பெயர். உங்கள் லாட் (பதிவான நிலத்துண்டு) எண்ணைக் கொடுத்தால் இணையத்திலேயே காசு கட்டி வாங்கலாம். வீட்டில் யாரும் கை வைக்காதவரை அந்தக் கோடு யாரையும் தொந்தரவு செய்யாது. இடித்துக் கட்டப் போகும்போதுதான் கோட்டுக்கு வெளியே உள்ள பட்டையை அரசுக்கு விடச் சொல்வார்கள். அது போன பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் மனை.

கோடு உங்கள் கேட்டிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது? அதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. கால்வாய்க்கு ஒதுக்கிய இடம் இருக்கிறதா என்று பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டின் பின்பக்கம் கான் ஓடினால் கண்டிப்பாகப் பாருங்கள்.

மூத்தவள்:
வாங்கிப் பார்த்துவிட்டேன் ஐயா. பின்பக்கம் ஒன்றும் இல்லை. முன்பக்கம் 0.9 மீட்டர், முகப்பு முழுவதும்.

அளவுச்சங்கிலி:
அப்படியானால் 16.5 பெருக்கல் 0.9, 14.85 சதுர மீட்டர் போகிறது. மிச்சம் 397.65. ஆளுக்கு 198.8. ஒரு மனைக்கு 1.2 சதுர மீட்டர்தான் குறைகிறது, ஒரு சாப்பாட்டு மேசை அளவு. வருத்தமாக இருக்கிறது அக்கா.

தம்பி சொன்ன வேலி விஷயம். ஒரு சாண் என்றால் சுமார் 20 சென்டிமீட்டர், 25 மீட்டர் நீளத்துக்கு 5 சதுர மீட்டர். நம்பிக்கை வருவது இயல்புதான். ஆனால் 412.5 என்பது வேலிக்குள் இருக்கும் நிலத்தின் அளவு அல்ல, சர்வே வரைபடத்தில் உள்ள எல்லையின் அளவு. அந்த 5 சதுர மீட்டர் ஏற்கெனவே அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. வேலியைத் தள்ளிப் போட்டால் அனுபவிக்க இடம் கிடைக்கும், கணக்கில் ஒன்றும் கூடாது.

அந்த வேலியைப் பற்றி அண்டை வீட்டாரிடம் பேசுவதற்கு முன் பதிவுபெற்ற சர்வேயர் ஒருவரை வைத்து எல்லையை அளந்துவிடுங்கள். 2004 முதல் சிங்கப்பூரில் எல்லைகள் எஸ்விஒய்21 என்ற ஆயத்தொலை முறையில், அதாவது ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் எண்களால் குறிக்கும் முறையில், பதிவாகின்றன. கண்ணால் பார்த்து, டேப் வைத்து இழுத்து இது என் நிலம் என்று சொல்வது சண்டையில்தான் முடியும். தரையில் பழைய எல்லைக்கல் தென்பட்டால் அதைப் பிடுங்கவோ நகர்த்தவோ வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

நடுச்சுவர்:
நாங்கள் 2016ல் இதே மாதிரி பிரித்துக் கட்டினோம், அண்ணனும் நானும். எங்களுக்கு அளவு போதுமாக இருந்தது. இருந்தும், கட்டிய பிறகு வீடு எவ்வளவு ஒடுக்கமாக வரும் என்று முன்னமே யோசிக்காமல் போனோம். அக்காவின் நிலத்தை வைத்தே சொல்கிறேன். 8.25 மீட்டர் முகப்பில் பொதுச் சுவர் ஒரு பக்கம் போக, மறுபக்கம் 2 மீட்டர் விட வேண்டும். வீட்டின் அகலம் 6.25. உள்சாலை என்றால் முன்னால் 7.5 மீட்டர் விடுவது கேட்டிலிருந்து அல்ல, அந்த ரோட் லைனிலிருந்து. பின்னால் 2. ஆக 24.1 கழித்தல் 9.5, ஆழம் 14.6. படிக்கட்டு, அம்மாவுக்குக் கீழேயே ஒரு அறை, சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்குக் குளியலறை எல்லாம் 6.25 அகலத்துக்குள் வர வேண்டும். எங்கள் அம்மாவுக்கு அந்தக் குளியலறை சரியாக அமையவில்லை. இன்றுவரை எனக்கு அது மனக்குறை.

உங்கள் தெருவில் செமி-டிக்கு அனுமதி உண்டா என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடத்தில் பார்த்தீர்களா? சில பகுதிகளில் பங்களோ மட்டும்தான்.

மூத்தவள்:
பார்த்தேன் தங்கச்சி, பங்களோ, செமி-டி எல்லாம் கட்டக்கூடிய கலப்புப் பகுதிதான். இரண்டு பக்கமும் செமி-டிதான் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் 3 சதுர மீட்டர் மட்டும் விலைக்குக் கேட்டால் என்ன?

அளவுச்சங்கிலி:
கேட்கலாம். ஆனால் அவரும் தன் நிலத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு அவருடைய மனை 200க்குக் கீழே இறங்கக்கூடாது, அவர் வீட்டுச் சுவருக்கும் புது எல்லைக்கும் நடுவில் 2 மீட்டர் இருக்க வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் வங்கி சம்மதிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் துண்டை உங்கள் லாட்டோடு சேர்க்க வேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் சர்வேயர், லாயர் செலவு. நான் பார்த்தவரை அண்டை வீட்டார் இதற்கு இறங்கி வருவது அபூர்வம்.

கோப்புக்காரி:
லாயர் ஆபீஸில் வேலை செய்கிறேன். நிலத்தைப் பிரிக்காமலேயே உரிமையைப் பிரிக்கலாம் அக்கா. ஒரே டைட்டிலில் இரண்டு பேர் பாதிப் பாதி பங்காக வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய பாதி அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இதை நீங்கள் அம்மா உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கினால் வாங்குபவருக்கான முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பின்மேல் வரும். தம்பிக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தால் கூடுதல் தீர்வையும் சேரும். 2023 ஏப்ரல் முதல் குடிமக்களின் இரண்டாவது வீட்டுக்கு அது 20%. அம்மாவின் உயிலின்படி வந்தால் அந்தத் தீர்வைகள் இல்லை. அம்மாவுக்கு நல்ல நினைவு இருக்கும்போதே, நீங்கள் இருவரும் பக்கத்தில் இல்லாமல் அவர் தனியாக லாயரிடம் பேசட்டும்.

மூத்தவள்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

சர்வேயர் வந்து அளந்தார். வேலி உள்ளே வந்திருப்பது உண்மைதான், ஆனால் 6 சென்டிமீட்டர். தம்பி அதை அத்தோடு விட்டுவிட்டான். பக்கத்து வீட்டு ஆன்ட்டி தீபாவளிக்கு முறுக்கு கேட்டு வாங்கிப் போவார், அவரிடம் நிலம் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

வீட்டை இடிக்கவில்லை. இருப்பதை விரிவாக்கப் போகிறோம். கூட்டும் பரப்பு இப்போதுள்ள தளப்பரப்பில் பாதியைத் தாண்டினால் அது புதுக் கட்டுமானம் ஆகிவிடுமாம், அதனால் அதற்குள் நிறுத்திக்கொள்கிறோம். மேலே தம்பி குடும்பம், கீழே நானும் அம்மாவும். படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே. ஒரு தரைவீட்டைத் தனித்தனி வீடாகத் தடுக்கக்கூடாது என்று புது ஆர்க்கிடெக்ட் தெளிவாகச் சொன்னார். அம்மா போன செவ்வாய்க்கிழமை தனியாகப் போய் உயில் எழுதிவிட்டு வந்தார். என்ன எழுதினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

நடுச்சுவர் தங்கச்சி, குளியலறைக் கதவை 90 சென்டிமீட்டர் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போதுமா?

நடுச்சுவர்:
கதவு போதும் அக்கா. உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் காலியாக இருக்கட்டும். வாசலில் படி வேண்டாம்.