பழைய தேக்குக் கட்டில் பாலிஷ்: சட்டத்துல வெள்ளை பூக்குது, தலைமாட்டுல பிசுபிசுப்பு. உதவி வேணும்

மாடிவீடு (மஞ்சக்குப்பம், கடலூர்)

படுக்கையறைக்காகப் புதுச்சேரியில ஒரு பழைய தேக்குக் கட்டிலும், பச்சை பெயிண்ட் அடிச்ச ஒரு மர அலமாரியும் வாங்கியிருக்கோம். கட்டில் 6¼ அடிக்கு 5 அடி.

கட்டில்ல இதுவரை செஞ்சது: பெயிண்ட் ரிமூவர் போட்டுப் பழைய பாலிஷைச் சுரண்டி எடுத்தாச்சு. 80, 120, 220 உப்புத்தாள் வரிசையாத் தேய்ச்சாச்சு. டப்பாவுல ரெடியா வர்ற அரக்கு பாலிஷை ஸ்பிரிட் கலந்து துணியால மூணு கோட்டு. எல்லாம் இந்த ஐப்பசி மழை நடுவுலதான்.

இப்ப நிலைமை: பக்கச் சட்டம், கால் ரெண்டுலயும் வெள்ளையா மூட்டம் போட்ட மாதிரி படிஞ்சிருக்கு. தலைமாட்டுப் பலகை நடுவுல வாரம் தாண்டியும் காயலை, விரல் வச்சா ரேகை விழுது. கால்மாட்டுப் பலகையோட கீழ் விளிம்புல பொடிப்பொடியா ஓட்டை, கீழே கொஞ்சம் மாவு கொட்டிக் கிடக்கு. போல்ட் சுத்தி மரம் கறுத்திருக்கு.

இன்னொரு கோட்டு போட்டா மூடிடுமா? கடையில எல்லாத்தையும் தேய்ச்சுட்டு மெலமைன் அடிக்கச் சொல்றாங்க. வீட்ல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு. அலமாரியில இன்னும் கை வைக்கலை.

இழைப்புளி (முத்தியால்பேட்டை)

மேல இன்னொரு கோட்டு மட்டும் போடாதீங்க. ஒரே டப்பா பாலிஷ்ல வந்திருந்தாலும் வெள்ளைக்கு ஒரு காரணம், பிசுபிசுப்புக்கு வேற காரணம். மேல மூடினா ரெண்டும் உள்ளயே அடைபட்டுப் போகும்.

வெள்ளை பூக்குறது ஈரத்தால. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தோட மேற்பரப்பு குளிரும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா அந்தக் குளிர்ச்சியில தண்ணி படிஞ்சு அரக்குக்குள்ள மாட்டிக்கும். மூடி திறந்து வச்ச ஸ்பிரிட்டும் காத்துல இருந்து தண்ணியை இழுக்கும், அதனாலயும் வரும். இதுக்காகத் திரும்பச் சுரண்ட வேண்டாம். வெயில் அடிச்ச ஒரு நாள் பார்த்து, புதுசாத் திறந்த ஸ்பிரிட்டைப் பஞ்சு வச்ச துணிப்பந்துல தொட்டு, நல்லாப் பிழிஞ்சுட்டு, மர ரேகை போக்குல ஒரே இழுப்பா இழுங்க. நடுவுல நிறுத்தினா அந்த இடத்துல அரக்கு கரைஞ்சு குழியாகும். அரக்கு லேசா இளகி, மாட்டின ஈரம் வெளியேறிடும்.

நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகை ரெண்டும் பாலிஷுக்கு ஆகாத மாசம். தை பொறந்ததும் செஞ்சா வேலை சுலபம். அவசரம்னா ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு வாங்கிக்கங்க. 70%க்குக் கீழ இருந்தா தைரியமாப் பண்ணலாம், 80% தாண்டினா டப்பாவைத் திறக்கவே வேண்டாம். காலையில 10 மணிக்கு மேல, கடல்காத்து ஏறுறதுக்குள்ள முடிச்சுடுங்க. நேர் வெயில்ல வச்சும் அடிக்காதீங்க, கொப்புளம் வரும்.

பிசுபிசுப்புக்கு மூணு சந்தேகம். ஒண்ணு, பாலிஷ் பழசு. கரைச்ச அரக்கு மாசக்கணக்கா டப்பாவுல கிடந்தா கெட்டியாக் காயுற குணமே போயிடும். ரெண்டு, பெயிண்ட் ரிமூவர்ல இருக்குற மெழுகு. சுரண்டின பிறகு தின்னர் இல்லைன்னா டர்பன்டைன் போட்டுத் துடைக்கலைன்னா மெழுகு மரத்துலயே தங்கிடும். மூணு, மரத்துல எண்ணெய்.

பிரிச்சுப் பார்க்க ஒரு வழி: அதே பாலிஷை ஒரு கண்ணாடித் துண்டுல மெல்லிசாத் தடவி வைங்க. மறுநாள் நகத்தால அழுத்துங்க. தடம் விழுந்தா பாலிஷ் கெட்டது. விழலைன்னா குத்தம் மரத்துல. அப்புறம், பிசுபிசுப்பு பலகை பூராவும் இருக்கா, திட்டாவா? அதைப் பார்த்துச் சொல்லுங்க.

மாடிவீடு

கண்ணாடியில கெட்டியாக் காஞ்சிடுச்சு. பிசுபிசுப்பு பலகை பூரா இல்லை. நடுவுல ரெண்டு வட்டம் மட்டும், ஆளுக்கு ஒரு பக்கம் சாஞ்சு உட்கார்ற இடம். தின்னர் போட்டுப் பலகை முழுக்கத் துடைச்சுட்டுத்தான் பாலிஷ் போட்டோம்.

வைரக்கட்டை (திருப்பாதிரிப்புலியூர்)

அப்ப அது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்தான் சார். வருஷக்கணக்கா எண்ணெய்த் தலையோட சாஞ்ச பலகை. தேங்காய் எண்ணெய் ஆளி விதை எண்ணெய் மாதிரி காத்துல காஞ்சு கெட்டியாகாது, எத்தனை வருஷம் ஆனாலும் எண்ணெயாவே இருக்கும். உப்புத்தாள் மேல் பொடியைத்தான் எடுக்கும். உள்ள இறங்கினதை எடுக்காது. ஒரு தடவை தின்னர்ல துடைச்சாலும் மேலாக மட்டும்தான் போகும்.

எடுக்கிற முறை இது. முதல்ல அந்தப் பலகையில இருக்குற அரக்கை ஸ்பிரிட் போட்டுக் கரைச்சுத் துடைச்சு எடுங்க. பெயிண்ட் கடையில சாக் பவுடர் கிலோக் கணக்குல கிடைக்கும், அரைக் கிலோ போதும். என்.சி. தின்னர் விட்டுக் கெட்டிப் பசையாக் குழைச்சு, ரெண்டு வட்டத்துலயும் விளிம்பு தாண்டி 3 மி.மீ. கனத்துக்கு அப்புங்க. மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஓரத்தை டேப்பால ஒட்டி நாலஞ்சு மணி நேரம் விடுங்க. தின்னர் உள்ள போய் எண்ணெயைக் கரைக்கும். பிறகு ஷீட்டை எடுத்துட்டா தின்னர் மேல வந்து ஆவியாகும், கரைஞ்ச எண்ணெய் பவுடர்ல தங்கிடும். காஞ்சதும் பிரஷ்ஷால தட்டி எடுங்க. பவுடர் மஞ்சளாகிக்கிட்டே இருந்தா திரும்பத் திரும்பச் செய்யணும். வெள்ளையாவே உதிர்ந்தா முடிஞ்சது.

சீக்கிரம் ஆகணும்னு இஸ்திரிப் பெட்டியோ ஹாட் ஏர் கன்னோ தின்னர் பக்கத்துல கொண்டு போகாதீங்க. தீப்பிடிக்கும். மொட்டை மாடியிலயோ வராந்தாவுலயோ வச்சு, குழந்தை தூங்குற அறையை விட்டுத் தள்ளிச் செய்யுங்க.

சோதிக்க ஒரு சொட்டுத் தண்ணி. தேக்குக்கே எண்ணெய்த் தன்மை உண்டு, அதனால அந்த இடத்துல மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். பலகையோட பின்பக்கம் பாலிஷ் படாத இடத்துல ஒரு சொட்டு, வட்டத்துல ஒரு சொட்டு. ரெண்டும் ஒரே மாதிரி இறங்கினா போதும்.

இழைப்புளி

வைரக்கட்டை சொன்னது சரியான வழி. தலைமாட்டுக்கு மட்டும் மேல்பூச்சு மாத்தணும். எண்ணெய்த் தலையும் வேர்வையும் தினம் படுற இடத்துல அரக்கு நிக்காது. அரக்கு அடியில, தண்ணி கலந்த பி.யு. (பாலியூரிதேன் பூச்சு) மேல. அடியில போடுற அரக்குல மெழுகு இருக்கக் கூடாது, இருந்தா பி.யு. பிடிக்காம உரிஞ்சு வரும். ரெடி டப்பா பெரும்பாலும் மெழுகோடதான் இருக்கும். நாமே கரைச்சுக்கலாம்.

அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 60 கிராம் அவலரக்கு (செதில் செதிலா வர்ற அரக்கு). கண்ணாடி பாட்டில்ல போட்டு ராத்திரி பூரா ஊற விடுங்க, நடுவுல ரெண்டு தரம் குலுக்குங்க. இரும்பு டப்பா வேண்டாம், அரக்கு கறுத்துப் போகும். முழுசாக் கரைஞ்ச பிறகு பாட்டிலை அசைக்காம சில நாள் வச்சா மெழுகு கலங்கலா அடியில தங்கும். மேல இருக்குற தெளிவை மட்டும் இறுத்து எடுங்க. பாட்டில் மேல தேதி எழுதி வைங்க, ஆறு மாசம் தாண்டினா கண்ணாடிச் சோதனை பண்ணாமத் தொட வேண்டாம்.

இந்தத் தெளிவுல மெல்லிசா ரெண்டு கோட்டு. மறுநாள் 320 தாளால லேசா வருடிட்டு பி.யு. மூணு கோட்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல டப்பாவுல போட்டிருக்குற நேரம் விட்டு, திரும்ப 320. தலைமாட்டு முன்பக்கத்துக்கு அரை லிட்டர் தாராளம். மேல் விளிம்பை மறக்காதீங்க, கை பிடிக்கிற இடம் அது. தண்ணி பி.யு.க்கு நடுவுல ஸ்டீல் உல் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒடிஞ்ச இழை உள்ள மாட்டித் துருப் புள்ளியா வெளியே தெரியும்.

சட்டம், கால், கால்மாடு எல்லாம் அரக்கே போதும். பின்னாடி கீறல் விழுந்தா அந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட் தொட்டுச் சரி பண்ணிக்கலாம், பி.யு.லயோ மெலமைன்லயோ இந்த வசதி இல்லை.

பட்டறை (வில்லியனூர்)

மெலமைன் பத்திக் கேட்டிருந்தீங்க. கடைக்காரர் சொன்னது பொதுவாத் தப்பு இல்லை. சாப்பாட்டு மேசைக்கு அது நல்ல பூச்சு. சூடு, தண்ணி தாங்கும். ஆனா அது அமிலம் கலந்து கெட்டியாகிற பூச்சு. இறுகும்போதும், அதுக்கப்புறம் சில வாரமும் ஃபார்மால்டிஹைடுங்கிற கெடுதல் வாயு வெளியேறும். பட்டறையில ஸ்பிரே பண்ணி, காத்தோட்டமாக் காய வச்சுக் கொண்டு வர்ற சாமானுக்குச் சரி. ரெண்டு வயசுக் குழந்தை படுக்குற அறையில, கையால அடிச்ச கட்டிலுக்கு வேண்டாம்.

ரெண்டு டப்பா கலக்குற பி.யு.வும் இப்ப வேண்டாம். அதோட ஹார்டனர் ஈரத்தோட சேர்ந்தா வாயு உண்டாகி மேல குமிழி குமிழியா நிக்கும். மழைக்காலத்துல வர வாய்ப்பு அதிகம். மூச்சுக்கும் கெடுதல், சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. எண்ணெய் வார்னிஷ்னு யாராவது சொன்னாலும் யோசிங்க. தேக்குல இயற்கையா இருக்குற பொருள் அதைக் காய விடாம இழுத்தடிக்கும்.

போல்ட் சுத்திக் கறுத்தது இரும்பும் தேக்கும் ஈரத்துல சேர்ந்த கறை. உப்புத்தாள் போட்டா குழிதான் விழும். அந்த இடத்துல பாலிஷை எடுத்துட்டு, ஆக்சாலிக் அமிலத் தூள் 100 கிராமை ஒரு லிட்டர் சுடுதண்ணியில கரைச்சு பிரஷ்ஷால தடவுங்க. கொஞ்ச நேரத்துல கறுப்பு வெளுக்கும். பிறகு நல்ல தண்ணியால மூணு தரம் கழுவித் துடைச்சு, நல்லாக் காய்ஞ்சப்புறம் பாலிஷ். அது விஷம். கையுறை போடுங்க, மீந்ததைத் தண்ணி விட்டுக் கொட்டிடுங்க, பாட்டில்ல வைக்காதீங்க. பழைய போல்ட்டைத் திரும்ப மாட்டினா கறையும் திரும்ப வரும். கடல் பக்கம் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டோ பித்தளைத் திருகாணியோதான் ஒத்துவரும். பித்தளையை நேரா முறுக்கினா தலை ஒடிஞ்சிடும், முதல்ல அதே அளவு ஸ்டீல் திருகாணியை ஏத்தி இறக்கி வழி பண்ணிட்டு மாட்டுங்க.

வைரக்கட்டை

ஓட்டை விஷயம். கால்மாட்டுக் கீழ் விளிம்பு வெளிறின நிறமா இருக்கான்னு பாருங்க. வெளிறின பகுதி மரத்தோட வெள்ளை, கறுத்தது வைரம். உளு (மரம் துளைக்கிற வண்டு) வெள்ளையைத்தான் தின்னும், வைரம் பாஞ்ச தேக்கைத் தொடாது. கொட்டுறது நைசான மாவா இருந்தா அந்த வண்டு. கசகசா அளவுல மணி மணியா இருந்தா அது மரத்துக்குள்ளயே வாழுற கரையான், அதுக்குப் பூச்சி மருந்து ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

மாவுன்னா, எல்லா ஓட்டையையும் தட்டிச் சுத்தம் பண்ணிட்டு அடியில ஒரு கறுப்புத் தாள் விரிச்சு வைங்க. ரெண்டு வாரத்துல புதுசா மாவு விழலைன்னா பழைய ஓட்டைதான், மெழுகு வச்சு அடைச்சுக்கலாம். விழுந்தா டெர்மினேட்டர் மாதிரி மர மருந்தை ஊசியில எடுத்து ஓட்டை ஓட்டையா ஏத்துங்க. பாலிஷ் படாத உள்பக்கத்துல பிரஷ்ஷாலயும் ரெண்டு தரம் அடிங்க. பாலிஷ் மேல அடிச்சா மருந்து உள்ள இறங்காது. மண்ணெண்ணெய் வாசனை போக ரெண்டு வாரம் ஆகும், அதுவரை குழந்தை இருக்குற அறைக்குள்ள கொண்டு போக வேண்டாம். கத்தி முனையால குத்தினா பொலபொலன்னு உதிர்ற இடத்துல மருந்து பயன்படாது. ஆசாரியை விட்டு அந்த வெள்ளையை வெட்டி எடுத்துட்டுப் புதுத் துண்டு வச்சு ஒட்டணும்.

பட்டறை

அலமாரியைத் தயவு செஞ்சு உலர்ந்தபடி தேய்க்காதீங்க. இந்தியாவுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பச்சை, மஞ்சள், சிவப்பு எண்ணெய் பெயிண்ட்ல ஈயம் நிறைய இருக்க வாய்ப்பு உண்டு. ஈயத் தூசி குழந்தையோட மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், தரையில விழுந்தது கை வழியா வாய்க்குப் போகும். ஹாட் ஏர் கன்னும் வேண்டாம், சூடு ஏறினா ஈயம் புகையா வரும்.

உரிக்கணுமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க. கதவுக்கு உள்பக்கம் ஒரு ஓரத்துல ரிமூவர் தடவி, ஈரமாவே சுரண்டிப் பாருங்க. நாட்டு மரத்துலயும் ஒட்டுப் போட்ட மரத்துலயும் பெயிண்ட் அடிக்கிறது வழக்கம். உள்ள தேக்கு இல்லைன்னா உரிக்கிற பாடு வீண். பெயிண்ட் உரியாம கெட்டியா இருந்தா, தண்ணி தொட்டு 220 வாட்டர் பேப்பரால பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும் தேய்ச்சு, சேத்தை ஈரத் துணியால வழிச்சு எடுத்துட்டு, பிரைமர் ஒரு கோட்டு, தண்ணி எனாமல் ரெண்டு கோட்டு அடிச்சுடுங்க. ஆனா குழந்தை கடிக்கக் கூடிய உயரத்துல பெயிண்ட் பெயர்ந்திருந்தா மேல அடிச்சு மூடுறது போதாது.

தேக்குன்னு தெரிஞ்சு உரிக்கப் போனா, கதவுப் பலகை கெட்டி மரமா, மேல வெனீர் ஒட்டின பிளைவுட்டான்னு விளிம்புல பாருங்க. வெனீர் அரை மி.மீ.கூட இருக்காது, மெஷின் வச்சா ஒரு நிமிஷத்துல கிழிஞ்சு அடி பிளை தெரியும். ரிமூவர்ல ஈரமாச் சுரண்டிட்டு, மிச்சத்தைக் கையால, தண்ணி தொட்டு 220 தாள் மட்டும். வெளியில பிளாஸ்டிக் விரிச்சு வேலை செஞ்சு, சுரண்டின அத்தனையையும் அதுலயே சுருட்டிக் கட்டுங்க. துடைப்பத்தால கூட்டாதீங்க, ஈரத் துணிதான்.

மாடிவீடு

ரொம்ப நன்றி. கீழே விழுறது நைசான மாவுதான், விளிம்பும் வெளிறித்தான் இருக்கு. கறுப்புத் தாள் விரிச்சாச்சு. அலமாரியை உரிக்கலை, தண்ணி தொட்டுத் தேய்ச்சு எனாமல்தான். கடைசியா ஒண்ணு: பி.யு. முடிஞ்சு எப்ப மெத்தை போடலாம்? தின்னர் துணியை என்ன பண்றது?

இழைப்புளி

தொட்டுப் பார்த்தா அன்னிக்கே காஞ்ச மாதிரி இருக்கும், நம்பாதீங்க. மெத்தையும் தலையணையும் பலகையை அழுத்திக்கிட்டு இருந்தா தடம் பதியும். வெயில் நாள்னா ஒரு வாரம், இந்த ஈரத்துல ரெண்டு வாரம் விடுங்க. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. கொடியில விரிச்சுக் காய வச்சு, வாடை போனதும் குப்பையில போடுங்க. ஆளி விதை எண்ணெய் தொட்ட துணி ஏதாவது இருந்தா அதைத் தண்ணியில முக்கித்தான் வைக்கணும், சுருட்டி வச்சா தானாவே சூடேறித் தீப்பிடிக்கும்.