ஜேஎஸ்ஜிஎஃப் இலக்கணத்தை ஜூலியஸுக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி:
வீட்டு விளக்குகளைக் குரலால் இயக்க, பேச்சறியும் மென்பொருளான பாக்கெட்ஸ்பிங்க்ஸில் ஜேஎஸ்ஜிஎஃப் வடிவில் ஒரு இலக்கணக் கோப்பு (எந்தச் சொற்கள் எந்த வரிசையில் வரலாம் என்ற விதிகள்) வைத்திருந்தேன், நன்றாகவே ஓடியது. இப்போது ஜூலியஸ் என்ற இன்னொரு பேச்சறி மென்பொருளுக்கு மாறுகிறேன். 'எண்கள் = எண் | எண் எண்கள்' என்ற வரியை அப்படியே கொண்டுபோனால், இலக்கணத்தைத் தொகுக்கும் அதன் கருவியான எம்கேடிஎஃப்ஏ ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போச்சு.

பதில் 1:
சிக்கல் அந்த வரியில்தான் சார். ஜேஎஸ்ஜிஎஃப்பில் விதி தன்னையே வலக்கடைசியில் அழைக்கும். ஜூலியஸுக்கு அது இடப்பக்கம் இருக்க வேண்டும். 'எண்கள் : எண்' ஒரு வரி, 'எண்கள் : எண்கள் எண்' அடுத்த வரி. 'அல்லது' என்பதற்கான செங்குத்துக் கோடும் அங்கே கிடையாது, ஒவ்வொரு மாற்றுக்கும் தனி வரி. திரும்பத் திரும்ப வரலாம் என்று காட்டும் நட்சத்திரக் குறி, கூட்டல் குறி இருந்தால் அவற்றையும் இப்படித்தான் விரிக்கணும்.

பதில் 2:
ஜூலியஸில் சொற்களை கிராமர் (இலக்கண விதி) கோப்பில் போடாதீங்க. அங்கே 'எண்' போன்ற சொல் வகைகளின் பெயர் மட்டும். சொல்லும் அதன் ஒலிகளும் வோகா என்ற சொற்பட்டியல் கோப்புக்குப் போகும், வகைப் பெயருக்கு முன் சதவீதக் குறியோடு. ஒலிப் பெயர்கள் நீங்கள் பயன்படுத்தும் ஒலி மாடலில் உள்ளபடியே இருக்கணும். நான் பெரிய எழுத்தில் அடித்துவிட்டு ஒரு ராத்திரி முழித்தேன்.

கேட்டவர்:
ஓடுது! வாக்கியத்தின் இரு முனையிலும் மௌன வகையை (பேச்சில்லாத இடைவெளிக்கான வகை) சேர்க்க மறந்திருந்தேன், அதையும் போட்டாச்சு. நன்றி.