ஒரே ஆங்கிலச் சொல் பெயராகவும் வினையாகவும் வருகிறது: எப்படிப் பிரித்தறிவது? உதவி தேவை

கேள்வி (தலவாக்கலை)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இவ்வருடம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். நான் உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு நகரத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். இரவில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வீட்டில் வேறு ஆளில்லை என்பதால் அந்தப் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது.

சென்ற வாரம் "எங்கள் தோட்டம்" என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதிக்கொண்டு போனாள். அப்பா கவ்வாத்து வெட்டும் (தேயிலைச் செடிகளின் கிளைகளை வெட்டிவிடும்) வேலையைச் சொல்ல வந்தவள், "மை ஃபாதர் ப்ரூன்ஸ் த டீ புஷஸ்" என்று எழுதியிருந்தாள். அதற்குச் சரி போடப்பட்டிருந்தது. அடுத்த வாக்கியம், "ஆஃப்டர் த ப்ரூன், த புஷஸ் லுக் டெட்". இதில் "ப்ரூன்" என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போடப்பட்டிருந்தது. ஏன் என்று ஒரு வரியும் இல்லை. அகராதியைப் புரட்டினால், அந்தச் சொல் வினையாக வரும்போது கவ்வாத்து வெட்டுதல் என்றும், பெயராக வரும்போது உலர்த்திய பிளம்ஸ் பழம் என்றும் போட்டிருக்கிறது! ஆனால் "பிளான்ட்" என்ற சொல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. செடி என்றாலும் அதுதான், நடு என்றாலும் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. "வோட்டர்" என்பதற்குப் பின்னால் எஸ் வராது, தண்ணீரை எண்ண முடியாது என்று அவளுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வாசிப்புப் பகுதியொன்றில் ஒரு பெண் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சொல்லும் இடத்தில் "ஷீ வோட்டர்ஸ் த பிளான்ட்ஸ்" என்று இருக்கிறது. எது சரி? ஒரு சொல் எந்த இடத்தில் பெயர், எந்த இடத்தில் வினை என்று அவளுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பண்டாரவளை)

தம்பி, முதலில் தங்கையிடம் சொல்லுங்கள்: அவள் செய்தது முட்டாள்தனமான பிழையன்று. "பிளான்ட்" இரண்டுக்கும் வருமானால் "ப்ரூன்" ஏன் வராது என்று நினைப்பது நியாயமான ஊகமே.

தமிழிலிருந்து தொடங்கினால் அவளுக்கு எளிதாக விளங்கும். "அவனுக்கு அடி விழுந்தது" என்பதில் அடி என்பது பெயர். "பந்தை அடி" என்பதில் அதுவே வினை. உதை, கடி என்பனவும் அப்படித்தான். தமிழ் இலக்கணத்தில் இதற்கு முதனிலைத் தொழிற்பெயர் என்று பெயர். அவளுடைய தமிழ்ப் புத்தகத்திலேயே இது இருக்கும். ஆனால் தமிழில் நாம் தடுமாறுவதில்லை, ஏனென்றால் "அடியை", "அடியால்" என்று வேற்றுமை உருபு வந்தால் பெயர் என்றும், "அடித்தான்", "அடிப்பாள்" என்று காலம் காட்டும் இடைநிலையும் பால் காட்டும் விகுதியும் வந்தால் வினை என்றும் சொல்லின் வாலே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இப்படி வால் இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர் "லுஃபு", அன்பு செய்தல் என்ற வினை "லுஃபியன்". பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்து, இரண்டும் "லவ்" என்ற ஒரே வடிவத்தில் வந்து நின்றன. அதற்குப் பிறகு ஆங்கிலேயர் ஒரு பெயரை எடுத்து அப்படியே வினையாக்கத் தயங்குவதேயில்லை. "கூகுள்" என்ற நிறுவனப் பெயரை வினையாக 2006ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியே சேர்த்துக்கொண்டது. நாமோ அத்தகைய சொல்லைக் கடன் வாங்கினால் "கூகுள் பண்ணு", "மெசேஜ் பண்ணு" என்று ஒரு "பண்ணு"வை ஒட்டிக்கொள்கிறோம். பிள்ளைகள் அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போது தேவையில்லாத இடத்தில் "டூ"வைச் செருகுவதையும் கவனித்திருப்பீர்கள்.

வால் போய்விட்டதால், ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். "அ", "த", "மை", "திஸ்" போன்ற சொற்களுக்குப் பின்னால் வந்து நின்றால் அது பெயர். "கேன்", "வில்", "மஸ்ட்" ஆகியவற்றை அடுத்து வந்தால் வினை. இவ்வளவை எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் என் மாணவர்களுக்குக் கூடுதலாகச் சொன்னது, வாக்கியத்தை நேற்றைக்குத் தள்ளிப்பாருங்கள் என்பதே. "ஷீ பிளான்ட்ஸ் பிளான்ட்ஸ்" என்ற வாக்கியத்தின் முன்னால் "யெஸ்டர்டே" என்று போட்டால், முதலாவது "பிளான்டட்" ஆகிவிடும். இரண்டாவது அசையாமல் நிற்கும். மாறியது வினை, மாறாதது பெயர்.

வோட்டர் சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடும். பெயரோடு வரும் எஸ் பன்மையைக் காட்டுவது. நிகழ்கால வினையோடு வரும் எஸ், எழுவாய் படர்க்கை ஒருமை என்பதைக் காட்டுவது. எழுத்து ஒன்றேயானாலும் வேலை ஏறக்குறைய நேர்மாறு. தண்ணீரை எண்ண முடியாது என்ற விதி பெயருக்கு மட்டுமே உரியது. "ஷீ வோட்டர்ஸ்" என்பதில் இருப்பது வினை. ஆகவே வகுப்பில் சொன்னதும் புத்தகத்தில் இருப்பதும் இரண்டுமே சரி.

"டு" என்ற சொல்லிடம் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் எப்போதும் வினைதான் வரும் என்று பலர் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். "ஷீ வோன்ட்ஸ் டு வேர்க்" என்பதில் வேர்க் வினை. "ஷீ கோஸ் டு வேர்க்" என்பதில் அது பெயர். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் "ஸ்கூல்" என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "கோஸ் டு ஸ்கூல்" நிற்கும்; "வோன்ட்ஸ் டு ஸ்கூல்" விழுந்துவிடும்.

இனி, சிவப்பு வட்டத்துக்கு வருவோம். எல்லாச் சொல்லும் வடிவம் மாறாமல் மறுபக்கம் போய்விடாது. போனாலும் பொருளைக் கூடவே கொண்டு போகும் என்பதற்கும் உறுதியில்லை. கொழுந்து பறித்தலைக் குறிக்கும் "பிளக்" பெயராக வந்தால் துணிச்சல் என்று பொருள். ஆகவே செயலின் பெயர் தேவைப்படும் இடத்தில் "இங்" சேர்த்து எழுதுவது பாதுகாப்பானது: "ஆஃப்டர் ப்ரூனிங்", "பிளக்கிங் இஸ் ஹார்ட்". தங்கையின் வாக்கியத்தில் வேறு பிழை எதுவும் இல்லை.

பதில் 2 (வெளிக்கள உத்தியோகத்தர், மஸ்கெலியா)

சேர் சொன்னதில் ஒரு சிறு திருத்தத்துக்கு இடமுண்டு. பொது ஆங்கிலத்துக்கு அவர் சொல்வது சரி. ஆனால் தேயிலைத் தொழிலுக்குள் "ப்ரூன்" என்பதைப் பெயராகவும் நாங்கள் எழுதுகிறோம். செடியின் கிளைகளையெல்லாம் வெட்டிவிடுவது "க்ளீன் ப்ரூன்". செடி மூச்சு விடுவதற்கென்று இலையோடு ஒன்றிரண்டு கிளைகளை விட்டுவைத்து வெட்டுவது "லங் ப்ரூன்". தேயிலை ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இப்படியே வரும். பிளம்ஸ் பழம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தமிழில் "கவ்வாத்து" பெயராகவே நின்று "வெட்டு" என்பதைத் துணைக்கு அழைத்துக்கொள்வதால் எங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தங்கை எழுதியது உண்மை. இடுப்பளவு நின்ற செடி வெறும் குச்சியாகிப் பட்டுப்போனதுபோலத்தான் இருக்கும். ஆனாலும் பரீட்சைத் தாளைத் திருத்துபவர் தோட்டத்துக்காரராக இருப்பார் என்று நம்ப முடியாது. ஆகையால் "ப்ரூனிங்" என்றே எழுதட்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றைக்குத் தள்ளிப்பார்க்கும் முறையை நேற்றிரவே செய்து பார்த்தோம். பத்துச் சொற்களில் எட்டு சரியாக வந்தன. இன்னும் ஒரு சந்தேகம். "அட்வைஸ்", "ப்ராக்டிஸ்", "யூஸ்" ஆகியவற்றை ஓரிடத்தில் சீ போட்டும் ஓரிடத்தில் எஸ் போட்டும் எழுதுகிறார்கள், சிலவற்றை வேறுவிதமாக உச்சரிக்கவும் செய்கிறார்கள். இவையும் அதே வகையா?

பதில் 3 (ஆசிரியை, ஹட்டன்)

அதே குடும்பம்தான், ஆனால் மூன்றும் மூன்று விதம். "அட்வைஸ்" பெயரானால் சீ, வினையானால் எஸ், உச்சரிப்பும் மாறும். பெயரின் கடைசி ஒலி பாம்பு சீறுவதுபோல் இருக்கும், வினையின் கடைசி ஒலி தேனீ இரைவதுபோல் அதிரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், அதிர்வு கைக்குத் தெரியும். "யூஸ்" என்பதில் எழுத்து மாறாது, இந்த ஒலி மட்டும் மாறும். "ப்ராக்டிஸ்" இதற்கு எதிர்: நாம் பின்பற்றும் பிரித்தானிய முறையில் பெயருக்குச் சீயும் வினைக்கு எஸ்ஸும் எழுதுகிறோம், ஆனால் உச்சரிப்பு ஒன்றே, அமெரிக்கர்கள் இரண்டுக்கும் சீதான் போடுவார்கள். இணையத்தில் படித்துவிட்டுப் பிள்ளைகள் குழம்புவது இதனால்தான்.

"ரெக்கோர்ட்", "எக்ஸ்போர்ட்" போன்ற ஈரசைச் சொற்கள் சிலவற்றில் அழுத்தம் இடம் மாறும்: பெயரானால் முதல் அசையில், வினையானால் இரண்டாம் அசையில். சுடு என்ற வினை நீண்டு சூடு என்ற பெயராவதை, கெடு என்பது கேடு ஆவதைத் தங்கைக்கு நினைவூட்டுங்கள். சொல்லுக்குள்ளேயே நடக்கும் இத்தகைய மாற்றம் நமக்குப் புதிதல்ல.

கேள்வி கேட்டவர்

பத்தியை முழுவதும் திருத்தி எழுதிவிட்டாள். அப்பாவின் வாக்கியம் இப்போது "ஆஃப்டர் ப்ரூனிங்" என்று இருக்கிறது. ஆனால் அம்மா கொழுந்து நிறுக்கக் கொடுக்கும் இடத்தில் "த வெய் வோஸ் எய்ட்டீன் கிலோஸ்" என்று எழுதி, அதை நேற்றைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டு, மாறவில்லை, அதனால் பெயர்தான் என்று என்னோடு வாதாடுகிறாள்.

பதில் 4 (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பண்டாரவளை)

வாதம் சரி, அது நிற்பது பெயருக்கான இடமேதான், சொல்தான் தவறு. எல்லாச் சொல்லும் வாலை உதிர்த்துவிடவில்லை தம்பி. "வெய்" நிறு, "வெயிட்" நிறை. அந்தக் கடைசி டீயைப் போடச் சொல்லுங்கள், 18 கிலோவும் சரியாகிவிடும்.