காய்ச்சல்ல குழந்தைக்கு வெட்டு (வலிப்பு) வந்ததைப் பாத்தவங்க இருக்கீங்களா?

தாராபுரம் அம்மிணி
ஆடிக் காத்துல பையனுக்கு மூக்கு ஒழுகல். ஒன்றரை வயசு. ராத்திரி மேல் அனலாக் கொதிச்சுது, மருந்தும் குடுத்தாச்சு. போர்வையை எடுக்கத் திரும்பறேன், கண்ணு மேல சொருகிருச்சு, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. பக்கத்து வீட்டு ஆத்தா சாவிக்கொத்தைக் கையில திணிக்கறாங்க, எங்க வீட்டுக்காரர் பல்லுக்கு நடுவுல கரண்டி வெக்கப் போறாரு. கையைத் தட்டிவிட்டுட்டு ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். தானா நின்னுருச்சு. காய்ச்சல் வலிப்பு, மூளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருங்க. ஆனா பேர் சொல்லிக் கூப்புடக் கூப்புட என்னைப் பாக்காத அந்தக் கண்ணு! இன்னும் ராத்திரியில நெத்தியைத் தொட்டுப் பாக்காம தூக்கம் வரமாட்டேங்குது.

கோபிக்காரி
அந்த ஆத்தாவைக் குறை சொல்லாதீங்க கண்ணு, பதறி ஓடியாந்தாங்கல்ல. எங்க அமுச்சியும் (அம்மாவோட அம்மா) தேங்காண்ணெயில கற்பூரம் காச்சி அஞ்சு மாசக் குழந்தை நெஞ்சுல தேச்சுவிட்டாங்க. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடாம முதல்ல நெஞ்சை மோந்து பாத்தாரு. "கற்பூரமாம்மா?" பச்சக் குழந்தைக்கு அதுவே வலிப்பைக் கொண்டாந்துருமாம். அமுச்சி மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு, அதுதான் எனக்கு இன்னும் ஆறலை.

பொள்ளாச்சி அப்பா
ஓடியாந்தது நல்ல மனசுதாங்க. ஆனா இரும்பு குடுத்தா வெட்டு நிக்காது. தானா நிக்கறதைச் சாவி நிறுத்துச்சுன்னு நம்பிக்கறோம். வாயில எதையும் வெக்கக்கூடாது, தண்ணிகூட. மணியைப் பாருங்க, 5 நிமிசம் தாண்டினா 108.

எங்க வீட்டுல நடந்தது வேற. பாராசிட்டமால் டிராப்ஸை அண்ணி சிரப்புன்னு நெனச்சு ஸ்பூன்ல ஊத்திட்டாங்க, வாய்க்குப் போறதுக்குள்ள புடிச்சேன். டிராப்ஸ் 1 மில்லியில 100 மில்லிகிராம். சிரப்புல 5 மில்லிக்கே 120 இல்லன்னா 250. அந்த 5 மில்லி ஸ்பூன் நெறைய டிராப்ஸ்னா 500, பெரியவங்க மாத்திரை ஒண்ணு! பாப்பா 8 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்குல ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம் போதும், 6 மணி நேரம் விட்டுத்தான் அடுத்தது. எடை ஏற ஏற டாக்டர்கிட்டக் கேட்டு அளவைப் பாட்டில்லயே எழுதி ஒட்டிருங்க. மூணு மாசத்துக்குக் கீழ காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலே மருந்து குடுத்துட்டு உக்காந்திருக்கக்கூடாது, உடனே தூக்கிட்டுப் போயிரோணும்.

தாராபுரம் அம்மிணி
மருந்து குடுத்தும்தானுங்களே எங்களுக்கு வந்துச்சு. காய்ச்சல் எறங்கும், வெட்டைத் தடுக்காதுன்னுட்டாரு டாக்டர். 5 வயசு வரைக்கும் திரும்ப வரலாமாம், கூடப் பொறந்ததுக்கும் வர வாய்ப்பிருக்காம். ரெண்டாவது இப்பத்தான் தவழுது. அண்ணன், தம்பி ரெண்டுக்கும் வந்த வீடு யாராச்சும் இருக்கீங்களா?