காரை விற்றுவிட்டு ரயில், சைக்கிளோடு சமாளிக்க முடியுமா?

கேட்டவர்: மூன்றாம் பிளாட்பாரம்

வீட்டிலிருந்து ரயில் நிலையம் 3 கிலோமீட்டர். ரயிலை விட்டு இறங்கினால் அலுவலகம் நடக்கிற தூரம்தான். இருந்தும் தினமும் கார்தான், காரணம் அந்த 3 கிலோமீட்டர். நடந்தால் சட்டை நனைந்துவிடுகிறது, பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. பகல் முழுக்க சும்மா நிற்கிற வண்டிக்கு இவ்வளவு செலவா என்று மனசு கேட்கிறது. விற்றுவிடலாமா? வீட்டில் முழங்கால் வலியோடு அம்மா இருக்கிறார். சைக்கிள் வாங்கவா, நின்றுகொண்டு ஓட்டும் மின்சார ஸ்கூட்டரா?

பதில்: அட்டவணைக்காரன்

பஸ் கால அட்டவணை போடுவதுதான் என் வேலை. "எப்போது வரும் என்று சொல்ல முடியாது" என்றீர்களே, ஆட்கள் காருக்குப் போவதே அதனால்தான். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால் சராசரியாக 5 நிமிடம்தான் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பஸ் நெரிசலில் சிக்கிப் பிந்தினால், அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிடும். எல்லோரும் ஏறுவதற்குள் இன்னும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற ஆளே இருக்காது, வேகமாக வந்து முன்னால் போவதோடு ஒட்டிக்கொள்ளும். நெடுநேரம் ஒன்றுமே வராது, அப்புறம் இரண்டு சேர்ந்து வரும். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. பஸ்ஸுக்குத் தனிப்பாதை கொடுக்காமல் இது தீராது.

உங்கள் 3 கிலோமீட்டருக்கு சைக்கிள் கச்சிதம், நிதானமாக மிதித்தாலே கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நெதர்லாந்தில் ரயிலுக்கு வருபவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சைக்கிளில்தான் நிலையத்துக்கு வருகிறார்கள். உட்ரெக்ட் நிலையத்தில் மட்டும் சுமார் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது. ரயில் நீண்ட தூரத்தைப் பார்த்துக்கொள்கிறது, சைக்கிள் வாசல் வரை கொண்டுவந்து விடுகிறது. இரண்டையும் போட்டியாகப் பார்க்காதீர்கள்.

பதில்: ஆறுவழி

இதெல்லாம் எத்தனை பேருக்கு ஒத்துவரும்? ரோட்டை அகலப்படுத்தினால் பஸ்ஸும் போகும், காரும் போகும்.

பதில்: அட்டவணைக்காரன்

அகலப்படுத்திப் பார்த்துவிட்டார்களே. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-ல் விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். சில வருடங்களிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது. சாலை காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் புதிதாகக் கார்கள் வந்து நிரப்பிவிடும்.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரியில் நகருக்குள் வரும் கார்களுக்குச் சோதனையாகக் கட்டணம் வைத்தார்கள். போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது. ஜூலை இறுதியில் சோதனை முடிந்ததும் பெரும்பாலான கார்கள் திரும்ப வந்துவிட்டன. 2007-ல் அதை நிரந்தரமாக்கினார்கள். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கமான நாக்டோ கணக்குப்படி, ஒரு தடத்தில் மணிக்குக் கார்களில் 600 முதல் 1,600 பேர் போகலாம். அதே தடத்தை பஸ்ஸுக்கு மட்டும் விட்டால் 4,000 முதல் 8,000 பேர். காரே கூடாது என்று நான் சொல்லவில்லை. 60 பேர் உட்கார்ந்திருக்கும் பஸ், தனியாளாகப் போகிறவரின் காருக்குப் பின்னால் நிற்பது அநியாயம்.

பதில்: நடைமேடை

ஸ்கூட்டர் பற்றி: சக்கரம் சின்னது, சைக்கிள் தாண்டிவிடுகிற பள்ளத்தில் அது மாட்டிக்கொள்ளும். மழையில் இன்னும் மோசம். வாடகை ஸ்கூட்டர்களை நடைபாதை நடுவில் போட்டுவிட்டுப் போகிறார்கள், முழங்கால் வலிக்காரர் எப்படிச் சுற்றிப் போவார்? பாரிஸில் 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு வைத்தார்கள். வந்து ஓட்டுப் போட்டவர்கள் குறைவு, ஆனால் அவர்களில் பத்தில் ஒன்பது பேர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். நகரமும் எடுத்துவிட்டது.

அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போகிற நாட்களுக்கு டாக்ஸி பிடியுங்கள். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் கார் செலவை எட்டாது என்றே நினைக்கிறேன், உங்கள் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் பிளாட்பாரம்

சரி, சைக்கிள்தான். ஆனால் நிலையத்தில் திருட்டுப் பயம் இருக்கிறதே?

பதில்: அட்டவணைக்காரன்

மெல்லிய கேபிள் பூட்டை நம்பாதீர்கள், வெட்டிவிடுவார்கள். யு வடிவப் பூட்டு வாங்கி, சைக்கிளின் ஃப்ரேமைத் தரையில் பதித்த கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள பக்கமாக நிறுத்துங்கள். காரை உடனே விற்க வேண்டாம், ஒரு மாதம் கார் சாவியைத் தொடாமல் சமாளித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பார்த்தால் இன்னும் நல்லது.