லண்டன் – நியூயார்க்: தூரம் ஒன்று, போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே.வுக்கும் இடையே, இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான் காட்டுவது 5,540 கி.மீ. உருண்டைப் பூமியின் மேல் நூல் பிடித்த மாதிரி வரும் மிகக் குறுகிய தூரம் இது. விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 6 மணி 9 நிமிடம். டிக்கெட்டிலோ போக 8 மணி நேரம், வர 7 மணி நேரம் என்கிற அளவில் இருக்கும். காரணம், டிக்கெட்டில் போடுவது பிளாக் டைம்: ஒரு கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த கேட்டில் நிற்கும் வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

தூரத்தை நீங்களே கணக்கிட்டால் ஒரு எச்சரிக்கை. ஹீத்ரோவின் அட்சரேகை 51°28'. அதை 51.28 என்று போட்டால் விமான நிலையமே 20 கி.மீ. தள்ளிப்போகும்; 28' என்பது 60-இல் 28, அதனால் சரியான எண் 51.47. விடை 2,990 என்று வந்தால் பதற வேண்டாம், அது கடல் மைல். 1.852-ஆல் பெருக்குங்கள்.

*

மேலே உள்ள கணக்கில் விட்டுப்போனது காற்று. ஜெட் ஸ்ட்ரீம் என்கிற உயர்வானத்து வேகக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. சராசரியாக மணிக்கு 100 கி.மீ. என்று வைத்தால், நியூயார்க் போகும்போது தரை வேகம், அதாவது தரையை வைத்து அளக்கும் வேகம், 800, ஆக 6 மணி 55 நிமிடம். வரும்போது 1,000, 5 மணி 32 நிமிடம். போனதும் வந்ததும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. எதிர்காற்றில்தான் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் காற்றே இல்லாத நாளைவிட 9 நிமிடம் கூடுதல்.

2020 பிப்ரவரியில் புயல்காற்றின் தயவில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்தது. தரை வேகம் 1,300-ஐத் தாண்டினாலும் ஒலியை மிஞ்சவில்லை. சுற்றியுள்ள காற்றே கூட ஓடியது. அந்த 4 மணி 56 நிமிடம் பறந்த நேரம் மட்டும். டிக்கெட் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள்.

*

பாதையும் தினம் மாறும். வட அட்லாண்டிக் தடங்களைக் காற்றைப் பார்த்து அன்றன்றைக்கு வகுக்கிறார்கள்: கிழக்கே வருபவற்றை கனடாவின் கேண்டர் விமானக் கட்டுப்பாட்டு மையம் ஜெட் ஸ்ட்ரீமுக்குள் போடும், மேற்கே போகிறவற்றை பிரிட்டன்–அயர்லாந்துப் பக்கத்து ஷான்விக் மையம் அதிலிருந்து ஒதுக்கும். ஆகவே ஓடும் தூரம் 5,540-ஐவிடக் கூடத்தான் இருக்கும்.

வான்வெளி மூடினால் கணிப்பானை நம்பவே முடியாது. 2022-இல் ரஷ்ய வான்வெளி அடைபட்டபின் ஹெல்சிங்கி – டோக்கியோ 9 மணிச் சொச்சத்திலிருந்து 13 மணி நேரமானது. கணிப்பான் காட்டும் தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

*

டிக்கெட்டில் உள்ள மணிகளைக் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிப்பவர்களுக்கு: லண்டன் கடிகாரம் நியூயார்க்கைவிட 5 மணி நேரம் முன்னால். இரவு 8-க்கு நியூயார்க்கில் கிளம்பி, காலை 8-க்கு லண்டன் என்றால் 12-இல் 5 போக 7 மணி நேரம். ஆனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஒரு வாரமும் வித்தியாசம் 4 தான். இரு நாடுகளும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை.